புதினாப் பாத்திக்கு வந்தவை

ஆடு புதினாவைத் தொடாது. பதினெட்டு வருடமாக ஆடுகளோடு விடிந்து ஆடுகளோடு அடைகிற பெரியவளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தன் கறிக்கடைக்கு வெட்டக் கொண்டு வந்த ஆட்டைக் கொல்லைப்புறத்தில் கட்டிப் போட்டால் துணிக்கயிற்றைக் கடிக்கும், அட்டைப்பெட்டியை மெல்லும், சுவரில் ஒட்டிய காகிதத்தைக்கூட உரித்துத் தின்னும். புதினாப் பாத்தியை நெருங்கினால் மட்டும் ஒரு தும்மல் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் அந்தப் பாத்திக்கு வேலி என்று ஒன்று இருந்ததே இல்லை.

அன்று காலை பாத்தியின் கடைசி வரிசை நுனி மொட்டையாக நின்றது.

குந்தி உட்கார்ந்து ஒரு தண்டை விரலால் நிமிர்த்திப் பார்த்தாள். பிய்த்த அடையாளம் இல்லை, மிதித்த அடையாளமும் இல்லை. தண்டுக்குத் தண்டு நுனிக்கொழுந்து நாலு இலை மட்டும் போயிருந்தது. கீழே முற்றிய இலைகள் அப்படியே இருந்தன. தங்கைக்காக அவள் தினமும் கிள்ளுவதும் அதே நாலு இலைதான். நேற்று தானே கிள்ளிவிட்டு மறந்துவிட்டோமோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அப்புறம்தான் தண்டில் எச்சில் மினுங்குவதைப் பார்த்தாள். இன்னும் காயவில்லை.

உள்ளே தங்கை வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

சின்னவளுக்கு எட்டாம் மாதம். மற்றவர்களுக்கு மூன்று மாதத்தில் நின்றுவிடுகிற வாந்தி இவளுக்கு நிற்கவே இல்லை. போன வருடம் ஒன்று ஆறாம் மாதத்திலேயே போய்விட்டது. இந்தத் தடவையும் கன்னம் ஒட்டி, கை குச்சியாகி, வயிறு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. புதினாவைக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைக் குடித்தால்தான் வயிறு அடங்கும். அடங்கிய அரைமணி நேரத்துக்குள் நாலு வாய் சோறு ஊட்டிவிட வேண்டும். சந்தைப் புதினாவையும் போட்டுப் பார்த்தாயிற்று. அதைக் கக்கிவிட்டாள். இந்தப் பாத்திப் புதினாதான் வேண்டும். "இன்னும் ரெண்டு கிலோ இறங்குச்சுன்னா தாயுமில்ல புள்ளையுமில்ல" என்று நர்ஸ் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். சின்னவளின் வீட்டுக்காரன் லாரியோடு எங்கேயோ தொலைவில் இருந்தான். பெரியவளுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. இருந்தது இந்த ஒரு தங்கைதான்.

கடையும் வீடும் ஒன்றே. முன்னால் கறிக்கடை, நடுவில் இரண்டு அறை, பின்னால் சமையலறை, குளியலறை, கொல்லை. கடை கழுவிய தண்ணீர் ஒரு சின்ன வாய்க்கால் வழியாக ஓடி வந்து பாத்தியில் விழும். இரண்டு வருடமாக மழை இல்லை. கொல்லைக்கு அப்பால் செங்கல் சூளைவரைக்கும் தரை வெந்து போய்க் கிடந்தது. அந்தப் பரப்பு முழுவதிலும் பச்சை என்று கண்ணில் பட்டது இந்தப் புதினா ஒன்றுதான்.

வேலி போடுகிறவரைக் கூப்பிட்டாள். அவர் கம்பிவலைச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, பாத்தியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"புதினாவைத் திங்கிற மிருகம் இனிமேதான் பொறக்கணும்மா. அதுவும் உன் கடை வாசனையைத் தாண்டி ஒரு ஆடு இந்தப் பக்கம் வந்திருக்குன்னா, அது வீட்ல சண்டை போட்டுட்டு வந்த ஆடாத்தான் இருக்கும்."

"வெளையாடாதீங்கண்ணே. ஒரு முழம் மண்ணுக்குள்ள எறக்கிக் கட்டுங்க. எதுவும் தோண்டிக்கிட்டு வரக் கூடாது."

இறக்கித்தான் கட்டினார். இடுப்புயர வலை, நாலு பக்கமும் இரும்புக் கம்பம். மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தாள். வலை கிழியவில்லை. ஆனால் நாலு பக்கமும் உள்பக்கமாகப் புடைத்திருந்தது, வெளியே நின்று பலபேர் வயிற்றால் அழுத்தியது மாதிரி. கம்பிக் கண்களில் முடி சிக்கியிருந்தது. சாம்பல் நிறத்தில் மெல்லிய முடி. பழுப்பாக முரட்டு முடி. கருப்பாக, ஊசி மாதிரி நிமிர்ந்து நின்ற முடி. ஒரே பக்கத்தில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. ஒன்றையொன்று கண்டால் ஓடுகிற மிருகங்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றிருந்தன.

வலைக்குள் இன்னொரு வரிசை போயிருந்தது.

*

அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, வெட்டுக்கத்தியைத் தீட்டி மடியில் வைத்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி, பிறகு தூசி நிறமாகி இறங்கியது. சூளைப் புகையின் கசப்பும் கடையிலிருந்து வந்த கொழுப்பு வாடையும் அவற்றுக்கு மேலாகப் புதினாவின் குளிர்ந்த மணமும் கலந்து மூக்கில் ஏறின. எங்கேயோ ஒரு கதவு அடித்தது. காற்று நின்றது. அப்போதுதான் அந்தச் சத்தம் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது உறைத்தது.

மெல்லும் சத்தம். கடகடவென்று கொறிக்கிற சத்தம் அல்ல. நிதானமாக, ஒரே தாளத்தில், அவசரமே இல்லாமல்.

மெதுவாக எழுந்து போனாள். வலைக்குள் ஒரு முயல் உட்கார்ந்திருந்தது. எந்த வழியாக வந்தது என்று தெரியவில்லை. ஆளைப் பார்த்தும் அது ஓடவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே மென்றது.

கத்தியின் முதுகால் ஒரே அடி. பதினெட்டு வருடக் கை; குறி தப்பவில்லை.

காதைப் பிடித்துத் தூக்கியபோது கை இறங்கியது. முயலின் கனம் இல்லை அது. அடிவயிற்றில் விரல் பட்டதும் பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது. வயிறு திரண்டு, காம்புகள் புடைத்து, ஒன்றின் நுனியில் பால் துளிர்த்து நின்றது. அந்தத் தோலுக்குக் கீழே ஏதோ ஒன்று அவள் கட்டைவிரலை உதைத்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எல்லாம் அடங்கிவிட்டன.

கடையில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சினை ஆட்டின்மேல் கத்தி வைக்க மாட்டாள். வாங்கும்போதே வயிற்றைத் தடவிப் பார்ப்பாள். சந்தேகம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவாள். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

முயலின் தலை நசுங்கிப் போயிருந்தது. ஆனால் தாடை மென்றுகொண்டே இருந்தது. அவள் அதைக் கீழே போட்டாள். தரையிலும் மென்றது. மண் போட்டு மூடுகிறவரைக்கும் நிற்கவில்லை.

"என்னக்கா சத்தம்?" என்று உள்ளேயிருந்து சின்னவள் கேட்டாள்.

"ஒண்ணுமில்லடி. எலி."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு ஜன்னலுக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "எலியா இருந்தா இவ்வளவு அழுத்தமா அடிப்பியா?"

*

அதற்கப்புறம் அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள். ஒரு காலையில் இரண்டு பெருச்சாளிகள். ஒரு மாலையில், கழுத்துக்கயிறும் காதடையாளமும் இல்லாத, யாருடையது என்று தெரியாத ஒரு வெள்ளாடு. புதினாவைக் கண்டு தும்மவே இல்லை அது. ஒவ்வொன்றும் பெட்டை, ஒவ்வொன்றும் நிறைமாதம். விரட்டிப் பார்த்தாள், கல்லெறிந்தாள், கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள். தோல் வெந்து உரிந்தும் அவை நகரவில்லை. கொன்றால்தான் மெல்வதை நிறுத்தின. அதுவும் உடனே இல்லை.

ஆறாம் நாள் ஒரு நாய் வந்தது. நாய் இலை தின்று அவள் பார்த்ததில்லை. முலை தரையில் இழுபட, வலையின் கீழ்க்கம்பியைப் பல்லால் பற்றி இழுத்துக்கொண்டிருந்தது. ஈறு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். அவள் கத்தியை ஓங்கியதும் திரும்பிப் பாய்ந்தது. முழங்கைக்குக் கீழே கவ்விய வாய் விடவில்லை. எலும்புவரைக்கும் பல் இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. இடது கை அதன் வாயில் இருக்க, வலது கையால் வெட்டினாள். மறுபடி வெட்டினாள். கழுத்து பாதி தொங்கியது, கவ்விய வாய் மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் கத்தி முனையை இரண்டு தாடைக்கும் நடுவில் கொடுத்து நெம்பித்தான் கையை விடுவித்தாள். அதன் மூச்சில் புதினா மணந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் தையல் போட்டார்கள். திரும்பி வரும் வழியில் வேலிக்காரரைப் பார்த்து, முள்கம்பி கொண்டு வரச் சொன்னாள். கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் அவர் வழக்கமான கிண்டலை விட்டுவிட்டார்.

பட்டப்பகலில்தான் வேலை பார்த்தார். வெயில் உச்சியில் நின்றது. பெரியவள் முன்னால் கடையில் கறி வெட்டிக்கொண்டிருந்தாள். கொல்லையிலிருந்து ஒரு அலறல். முழுதாகக்கூட வரவில்லை, பாதியில் அறுந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தாள். காட்டுப்பன்றி ஒன்று அவரைக் கம்பத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது. வயிறு மண்ணைத் தொடுகிற அளவுக்குக் கனத்த பன்றி. அவர் தொடை முழங்காலிலிருந்து இடுப்புவரை வாழைமட்டை கிழிந்த மாதிரி பிளந்து கிடந்தது. கையில் இருந்த முள்கம்பிச் சுருள் அவர் மார்பைச் சுற்றிக்கொண்டுவிட்டது. பன்றி முட்ட முட்ட முள் உள்ளே போனது. அவர் கண் அவளைப் பார்த்தது. வாய் ஏதோ சொன்னது.

அவள் கத்தியோடு போகுமுன் பன்றி அவரை விட்டது. அவர்மேல் அதற்குக் கோபமே இல்லாத மாதிரி, வழியிலிருந்த ஒரு பெட்டியை நகர்த்திவிட்ட மாதிரி, விலகிப் போய்ப் பாத்தியில் தலையை இறக்கியது.

பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடி வந்து வேலிக்காரரை வண்டியில் ஏற்றினார்கள். யாரோ துப்பாக்கி கொண்டு வரப் போனார்கள். அவர்கள் வருவதற்குள் பன்றி வயிறு நிறைய மேய்ந்துவிட்டுத் திறந்த வெளியில் நடந்து போயிருந்தது. வேலிக்காரர் வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சாயங்காலம் சேதி வந்தது.

சின்னவள் அத்தனையையும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். அழவில்லை. பெரியவள் கட்டிலோரம் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டு விம்மியபோது, "அதுங்களுக்கும் பசிதானேக்கா" என்றாள்.

"அந்த மனுஷன் செத்துட்டாருடி!"

"தெரியும்." தங்கையின் கண் கொல்லைப் பக்கமே இருந்தது. "எனக்கு இனிமே தண்ணி வேண்டாம். இலையாவே குடு."

அன்றைக்குத் தங்கையின் கன்னத்தை வெளிச்சத்தில் பார்த்தாள். சதை பிடித்திருந்தது. இரண்டு நாளாக வாந்தியும் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். பெரியவள் நாலு இலை எடுத்துக் கொடுத்தாள். தங்கை மென்றாள். நிதானமாக. ஒரே தாளத்தில்.

*

மறுநாள் கடைக்கு விடுமுறை. வெயில் ஏறுமுன் பெரியவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். பாத்தி இருப்பதால்தானே வருகின்றன? பாத்தியே இல்லாவிட்டால்?

மண்வெட்டியால் வேரோடு கெல்லி எடுத்தாள். ஒரு செடி விடவில்லை. மண்ணோடு வாரி, கறி கழுவுகிற பெரிய தகரத் தொட்டியில் நிரப்பி, குளியலறைக்குள் இழுத்துக்கொண்டு போய் வைத்தாள். பின்கதவைத் தாழிட்டாள். முன்னால் கடையின் இரும்புக் கதவையும் இறக்கிப் பூட்டினாள். பிள்ளை பிறக்கிறவரைக்கும் தொட்டியிலேயே வளரட்டும். ஜன்னல் வெளிச்சம் போதும். கையைக் கழுவிவிட்டுச் சமையலறையில் உலை வைத்தாள்.

நடுப்பகல். தெருவில் ஒரு வண்டிச் சத்தம் இல்லை. சுவரில் கடிகாரம் ஓடுவது கேட்டது. உலைத் தண்ணீர் முணுமுணுப்பது கேட்டது. குளியலறையிலிருந்து பரவிய புதினா மணம் வீடு முழுவதும் தொங்கி, கண்ணைக் கரிக்கிற அளவுக்குக் கனத்தது.

அப்புறம் சுவரில் ஏதோ உரசியது.

வெளிப்பக்கம். நீளமாக, மெத்தென்று. சுவரின் ஒரு மூலையில் தொடங்கி மறுமூலைவரை போனது. அது போய் முடியுமுன் இன்னொன்று. வயிறுகள். பெருத்த வயிறுகள் சுவரைத் தேய்த்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தன. ஜன்னல் ஒவ்வொன்றாக இருண்டு வெளுத்தது. பின்கதவின் கீழ் இடுக்கில் மூச்சு அடித்தது. தரைத் தூசி உள்பக்கமாகச் சுருண்டு வந்தது. மரம் பிளக்கிற சத்தம். கதவின் அடிப்பலகையை ஏதோ மென்றுகொண்டிருந்தது.

"சின்னவளே! கட்டிலை விட்டு எறங்காத! நான் வர்றேன்!"

வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். சமையலறைக் கதவு அவள் முகத்துக்கு நேராகச் சாத்திக்கொண்டது. வெளியே தாழ் விழுந்தது.

"ஏய்! என்னடி பண்ற?"

கதவுக்கு அந்தப் பக்கம் தங்கை மூச்சு வாங்கினாள். நாய் மாதிரி. சின்னச் சின்ன மூச்சாக. "வலி வந்துடுச்சுக்கா."

"கதவைத் தெறடி! நர்ஸைக் கூப்பிடறேன், தெற!"

"நீ வராத." குரல் கெஞ்சியது. "நீ வந்தா அதுங்க பயப்படும்."

காலடி நகர்ந்தது. இரண்டு காலடி. பிறகு ஏதோ தரையில் சாய்ந்தது. அதற்குப் பிறகு கேட்டது கை ஊன்றி, முழங்கால் ஊன்றி, இழுத்து இழுத்துப் போகிற சத்தம். பின்கதவின் தாழ்ப்பாள் கிரீச்சிட்டது.

பெரியவள் இரண்டு கையாலும் கத்தியைப் பிடித்துக் கதவை வெட்டினாள். தையல் போட்ட கை பிளந்து ரத்தம் கைப்பிடியில் வழுக்கியது. வெட்டினாள். வெளியே குளம்புகள் சிமென்ட் தரையில் ஏறின. ஒன்று, நாலு, எண்ண முடியாதவை. நகங்கள். ஈரமான மூக்குகள். எதுவும் ஓடவில்லை, எதுவும் மோதவில்லை. தொட்டி கவிழ்ந்தது. தகரம் உருண்டது.

வெட்டினாள்.

தங்கை ஒரு தடவை கத்தினாள். அது வலியில் கத்துகிற கத்தல். இரண்டாம் தடவை கத்தியது அவள் குரலாகவே இல்லை.

பலகை உடைந்தது. கையை விட்டுத் தாழை நீக்கினாள்.

நடை முழுவதும் அவை நின்றன. முயல்கள், வெள்ளாடுகள், அந்தப் பன்றி, முலை தொங்கும் நாய்கள், சூளையிலிருந்து வந்த ஒரு கழுதை. எல்லாம் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குளியலறையைப் பார்த்து நின்றன. எல்லாம் மென்றன. ஒரே தாளத்தில்.

முன்னால் நின்ற ஆட்டின் கழுத்தில் கத்தியை இறக்கினாள். அது விழுந்தது. மற்றவை திரும்பக்கூட இல்லை. அடுத்ததை வெட்டினாள். மிதித்துக்கொண்டு போனாள். நாயின் விலா. முயலின் முதுகெலும்பு. காலுக்குக் கீழே சூடாக ஏதேதோ நெளிந்தன. பன்றி பக்கவாட்டில் ஒரே தள்ளு தள்ளியது. சுவரில் மோதி, அவள் விலாவில் ஏதோ முறிந்தது. விழுந்தாள். கத்தி கையில் இல்லை.

தரையிலிருந்து பார்த்தாள். கால்களுக்கு நடுவே.

கொட்டிய மண்ணில், வேரோடு சிதறிய புதினாவில், சின்னவள் நாலு காலில் நின்றாள். முடி முகத்தில் ஒட்டியிருந்தது. அவளுக்குக் கீழே ஒன்று கிடந்தது. நீலமாக, வழுவழுப்பாக, அசைந்துகொண்டு. கழுதை குனிந்து அதன் முகத்தை நக்கியது. ஒரு வெள்ளாடு அதன் காலை நக்கியது. தங்கை தலையைத் தாழ்த்தி, கொடியை வாயில் வைத்துக் கடித்தாள். கடைவாயில் வைத்துத் திரும்பக் கடித்தாள். அது அறுந்தது. விழுங்கினாள்.

"அம்மாடி..." என்றாள் பெரியவள். சின்னவள் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் அவளைக் கூப்பிட்ட மாதிரி. "என் தங்கமே. அக்காடி."

மெல்லும் சத்தம் நின்றது.

எல்லாத் தலைகளும் திரும்பின. தங்கையின் தலையும். அந்தக் கண்ணில் அக்கா என்று எதுவும் இல்லை. இருந்தது பயம். கறிக்கடைக் கொக்கிக்குக் கீழே கட்டிப் போட்ட ஆட்டின் கண்ணில் தினமும் அவள் பார்க்கிற பயம். உதடு பின்வாங்கி, பச்சையும் சிவப்புமாய்ப் பல் தெரிந்தது.

ஒரு நொடிதான். சின்னவள் குனிந்தாள். பிள்ளையின் பிடரியைப் பல்லால் கவ்வினாள். தூக்கினாள்.

கூட்டம் விலகி வழிவிட்டது. பின்கதவுக்கு வெளியே வெயில் வெள்ளையாக எரிந்தது. கையும் முழங்காலும் ஊன்றி அவள் அந்த வெள்ளைக்குள் இறங்கிப் போனாள். ஒன்றன்பின் ஒன்றாக அவை அவளைச் சுற்றிக்கொண்டன. பெரியவள் நகர்ந்து நகர்ந்து வாசல்படிவரை போனாள். அதற்கு மேல் உடம்பு வரவில்லை.

வெந்து கிடந்த அந்தப் பரப்பில் கூட்டம் அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பிள்ளை அழவில்லை. அந்த முதுகுகளுக்கு நடுவே, தங்கையின் வாயிலிருந்து தொங்கி, ஒரு சின்னக் கை விரல்களை விரித்து விரித்து மூடிக்கொண்டு போனது.